கல்லாப்பெட்டி சொல்லாத செய்தி

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கடைவீட்டின் மாடியில் வார இறுதி வகுப்புகள் நடத்தும் சிறிய சங்கம் ஒன்றில் நான் 11 ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். அதன் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் 2018ஆம் ஆண்டின் ஒரு பக்கம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. “ஐந்தாம் படிவ மாணவர்களுக்கான கணித வகுப்பு சிறப்பாக நடைபெற்று வருகிறது. 60 மாணவர்கள் பயன்பெறுகின்றனர்” என்று அதில் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அந்த வாக்கியத்தை நான் எழுதிய சனிக்கிழமையன்று அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் 14 பேர்.

பொய் எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பதிவேட்டில் 60 பெயர்கள் இருந்தன. சென்ற மாதக் குறிப்பிலும் 60 என்றே இருந்தது. நான் அதைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதினேன். ஆனால் மாடியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்பது யாருக்குமே தெரியாத இரகசியமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. வகுப்பெடுத்த ஆசிரியைக்குத் தெரியும். ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் உணவுக்கடை நடத்துபவருக்கும் தெரியும். ஏனென்றால் இடைவேளைக்கு அவர் கட்டித் தரும் மீஹூன் பொட்டலங்கள் 65இலிருந்து 20ஆகக் குறைந்திருந்தன. பொருளாளர் அந்த 20 பொட்டலங்களுக்கு வாரந்தோறும் பணம் கொடுத்து, ரசீதுகளைத் தேதி வாரியாகக் கோப்பில் சேர்த்தும் வைத்திருந்தார். ஆக, உண்மை எங்கள் அலுவலக அலமாரிக்குள்ளேயே இருந்தது. அலமாரியிலிருந்து நாலடி தள்ளியிருந்த செயலவை மேசைக்கு அது வந்து சேரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதைப் பின்னாளில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொண்டேன். ஆசிரியை ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். ஒருங்கிணைப்பாளர் இளம்பெண்; மாதாமாதம் மானியப் பணத்திலிருந்து அலவன்ஸ் பெறுபவர். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று மேலே சொன்னால் மானியம் நிற்கும், மானியம் நின்றால் தன் வேலை நிற்கும் என்று அவர் அஞ்சியது இயல்பே. அதையும் மீறி ஒருமுறை தலைவரிடம் பேசப் போயிருக்கிறார். தலைவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு இந்த வகுப்பைத் தொடங்கியவர், எல்லோராலும் மதிக்கப்படும் பெரியவர். “பெரியவர் மனம் நோகும்” என்று துணைத்தலைவர் அவரைத் தடுத்துவிட்டார். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தம் தம் நிலையில் நியாயமாகத் தோன்றியதைச் செய்தார்கள். எல்லா நியாயங்களும் சேர்ந்து உண்மையைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டன.

அந்த ஆண்டு இறுதியில் மானியம் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார், மறுஆண்டு மானியம் வரவில்லை. அது நியாயமான முடிவு. பணம் போனதைவிட என்னை வருத்தியது வேறொன்று. விட்டுப் போன 46 பிள்ளைகளில் சிலரை நாங்கள் தேடிப் போய்ப் பார்த்தபோது, பெரும்பாலோர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். பிற்பகல் 2 மணிக்கு நடந்துகொண்டிருந்த வகுப்பை ஆண்டின் நடுவில் காலை 8 மணிக்கு மாற்றியிருந்தோம். ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளில் பலர் வெள்ளிக்கிழமை இரவுகளில் உணவகங்களிலும் பேரங்காடிகளிலும் பகுதிநேர வேலை செய்பவர்கள். நள்ளிரவுக்கு வீடு திரும்பும் 17 வயதுப் பையன் காலை 8 மணிக்கு இயற்கணிதம் படிக்க வரமாட்டான். நேரத்தைப் பழையபடி மாற்றியிருந்தால் போதும். ஒரு வரித் தீர்மானம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு முடிந்த பிறகுதான் அந்த ஒரு வரி எங்களுக்குத் தெரிந்தது.

அந்த நாளிலிருந்து, ஒரு தொண்டு அமைப்பு நன்றாக நடப்பதையும் நடக்காமல் போவதையும் அதன் உள்ளேயுள்ள எந்தக் குணம் தீர்மானிக்கிறது என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பணம், கட்டடம், பெரிய மனிதர்களின் ஆதரவு என்று பொதுவாகச் சொல்லப்படுபவை எல்லாம் எங்களிடம் அந்த ஆண்டில் இருந்தன. முந்தைய எந்த ஆண்டையும்விட அதிகமாகவே இருந்தன.

இதை யோசிக்கும்போது கடைக்கும் சங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்குவது எனக்கு உதவியது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவுக்கடையில் தோசை சரியில்லை என்றால் இரண்டு வாரத்தில் கூட்டம் குறையும். கல்லாப்பெட்டி முதலாளியிடம் அன்றன்றைக்கே செய்தியைச் சொல்லிவிடும். அவர் கேட்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது சொல்லும். தொண்டு அமைப்பில் பணம் கொடுப்பவர் ஒருவர், சேவையைப் பெறுபவர் இன்னொருவர். எங்கள் வகுப்பு சரியில்லை என்று 46 பிள்ளைகள் காலால் வாக்களித்துவிட்டுப் போன மாதங்களிலும் எங்கள் வங்கிக் கணக்கில் ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹென்றி ஹேன்ஸ்மன் 1980இல் எழுதிய ஓர் ஆய்வில் இந்தச் சிக்கலைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். பணம் கொடுப்பவர் தாம் வாங்கியது என்னவென்று தாமே பார்த்து மதிப்பிட முடியாத இடங்களில்தான் இலாப நோக்கமற்ற அமைப்புகள் தோன்றுகின்றன என்றும், மிச்சத்தை நிர்வாகிகள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்ற தடையே கொடையாளர் அவற்றை நம்புவதற்குக் காரணம் என்றும் அவர் விளக்கினார். நான் அதோடு சேர்த்துக்கொள்ள விரும்புவது இதுதான்: அந்தத் தடை பணம் களவு போகாமல் காக்கும், பாடம் நடக்கிறதா என்பதைச் சொல்லாது. கடையில் கல்லாப்பெட்டி செய்யும் வேலையை, சங்கத்தில் மனிதர்களும் அவர்களுடைய பழக்கங்களும்தான் செய்ய வேண்டும்.

நம் மலேசியத் தமிழர் வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல ஒப்பீடு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் மூலதனம் பால்மரத் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து வந்தது. கூட்டுறவில் பணம் போட்டவரே உரிமையாளர், அவரே பயனாளி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று “என் பணம் எங்கே?” என்று கேட்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி உண்டு. எங்கள் மாணவனுக்கு அப்படி ஒரு நாற்காலி இல்லை. அவன் கேள்வி கேட்காமல் வராமல் நின்றுவிடுகிறான். வராமல் நிற்பதுதான் அவனுடைய மொழி. அதைப் படிக்கத் தெரிந்த அமைப்பும் உண்டு, தெரியாத அமைப்பும் உண்டு.

படிக்கத் தெரிந்த ஓர் அமைப்பை நான் 2019இல் பினாங்கில் பார்த்தேன். ஒரு நண்பர் சொன்னதன் பேரில் இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் போய், பாகான் டாலாம் பகுதியில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தும் வகுப்புக்குச் சென்றேன். எங்களைவிட மிகச் சிறிய இடம்; ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் தகரக் கூரைக்குக் கீழே நான்கு நீள மேசைகள், இரண்டு காற்றாடிகள், ஒரு வெண்பலகை. எங்களுக்கு வந்த மானியத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்கு வந்திருக்காது. ஆசிரியை தம் கைப்பையிலிருந்து ஒரு 555 குறிப்பேட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். நம் ஊர் மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதி வைப்பார்களே, அதே உள்ளங்கை அளவுப் புத்தகம். அதில் வந்த பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. வராத பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் இருந்தன.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம். வராத தேதி, போய்ப் பார்த்தவர் யார், சொன்ன காரணம், செய்தது என்ன என்று நான்கு குறிப்புகள். ஒரு பக்கத்தை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்: “தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றாள். பாட்டியிடம் கேட்டதில், சப்பாத்து கிழிந்துவிட்டது, வெட்கம். செவ்வாய்க்கிழமை வாங்கிக் கொடுத்தோம். சனிக்கிழமை வந்தாள்.” இன்னொரு பக்கத்தில், “டீச்சர் எல்லார் முன்னாலும் திட்டினார்கள் என்றான். டீச்சர் நான்தான். மன்னிப்புக் கேட்டேன். வரவில்லை. மறுபடி போகணும்” என்றிருந்தது. அமைப்பின் தலைவரே தம் தவற்றைத் தம் கையால், மற்றவர்கள் படிக்கும் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தை நான் சற்று நேரம் மூடாமல் வைத்திருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: “வந்த பிள்ளைய வகுப்பு பாத்துக்கும் தம்பி. வராத பிள்ளைய பாக்கத்தான் சங்கம் வேணும்.”

அன்று மாலை அவர்களுடைய மாதக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்க அனுமதித்தார்கள். அறிக்கை வாசிப்பதற்கு முன் அந்தக் குறிப்பேடு வாசிக்கப்பட்டது. முதலில் பேசியவர் அங்கிருந்தவர்களில் வயதில் இளையவரான பல்கலைக்கழக மாணவி. ஆசிரியை கடைசியில்தான் பேசினார். காரணம் கேட்டபோது, தாம் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் “சரிங்க டீச்சர்” என்று நிறுத்திக்கொள்வார்கள் என்றார். நம் சமூகத்தில் பெரியவர் முன்னிலையில் எதிர்ப்பேச்சு பேசாதிருப்பது நல்ல வளர்ப்பின் அடையாளம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மரியாதையே ஒரு சங்கத்தின் காதை அடைத்துவிடவும் கூடும். அந்த ஆசிரியை மரியாதையைக் கெடுக்காமலேயே வரிசையை மட்டும் மாற்றி வைத்திருந்தார். இளையவர் முதலில் பேசுவது அங்கே துடுக்குத்தனமாகப் படவில்லை. அது அந்தக் கூட்டத்தின் முறை.

இதே கருத்துக்கு ஆய்வு வழியாக வந்து சேர்ந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன். 1990களில் அவர் மருத்துவமனைகளில் தாதியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கையில் கிடைத்த கணக்கு தலைகீழாக இருந்தது. நல்ல தலைமையும் நல்ல உறவும் கொண்ட குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் பிழையை மறைக்காமல் சொல்ல முடிந்ததால் அவை பதிவாயின என்பதே அவர் கண்ட விளக்கம். இதைப் படித்தபோது எங்கள் கூட்டக் குறிப்புப் புத்தகம்தான் என் நினைவுக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு முழுவதும் அதில் ஒரு குறைகூடப் பதிவாகவில்லை. அந்தத் தூய்மையே நோயின் அறிகுறி என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பினாங்கைப் பற்றிப் பேசும்போது, குறையை மூலப்பொருளாகக் கொண்டே வளர்ந்த ஓர் அமைப்பையும் நினைக்காமல் இருக்க முடியாது. 1969இல் தொடங்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு வாழ்நாளின் பெரும்பகுதியைத் தந்தவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ்; தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த அவர் 2019இல் மறையும் வரை அதன் தலைவராக இருந்தார். எடை குறைந்த பொருள், கெட்டுப்போன உணவு, ஏமாற்றிய வீட்டுமனை வணிகர் என்று சாதாரண மக்கள் நேரில் வந்து சொன்ன புகார்கள் அந்தச் சங்கத்தின் பணிக்கு ஆதாரமாக இருந்தன. கதவைத் தட்டிக் குறை சொல்பவரை அங்கே வரவேற்றார்கள். அவர் இல்லையென்றால் மறுநாள் வேலை இல்லை. வெளியிலிருந்து வரும் குறைக்கு அவர்கள் செய்ததை, உள்ளிருந்து வரும் குறைக்கு ஒவ்வொரு தொண்டு அமைப்பும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

என் தந்தை பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்ததையும், தோட்டத்து எழுத்தரான கிராணியார் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் அதைப் பதிந்ததையும் அவர் அடிக்கடி சொல்வார். ஒரு நாள் பெயர் விட்டுப்போனால் அன்றைய கூலி போய்விடும். ஆகையால் தொழிலாளியும் கிராணியும் அந்தப் புத்தகத்தின் மேல் கண் வைத்திருந்தார்கள். எங்கள் வருகைப் பதிவேட்டுக்கும் பணத்துக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் எதிர்த்திசையில். பெயரை நீக்கினால்தான் நஷ்டம். நீக்காமல் வைத்திருப்பதில் எல்லோருக்கும் இலாபம். ஓர் ஏட்டைச் சுற்றி எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று பார்க்காமல், ஊழியர்களின் நேர்மையை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது, நிர்வாகிகளாகிய எங்கள் தவறு.

வெளியிலிருந்து வரும் கேள்விகளும் அந்தக் காற்றை மாற்றுவதில்லை. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். பொறுப்பாளர்களின் பட்டியல், சட்டவிதிகளில் திருத்தம் ஏதும் இருந்தால் அது, வரவு செலவுக் கணக்கு, வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததா என்ற விவரம் ஆகியவை கேட்கப்படும். எல்லாம் தேவையானவையே, அவற்றை ஒழுங்காக அனுப்பாததால் பதிவை இழந்த சங்கங்கள் நம்மிடையே குறைவில்லை, ஆகையால் இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இளைய செயலாளர்களுக்கு எப்போதும் சொல்வேன். நன்கொடையாளர் கேட்பது பெரும்பாலும் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவுக்கு உட்பட்ட வரிவிலக்கு ரசீது. மானியம் தருபவர் கேட்பது பயனாளிகளின் எண்ணிக்கையும் படமும். இவர்களில் ஒருவரும் “யார் நின்றுவிட்டார்கள்?” என்று கேட்பதில்லை. எங்கள் இரும்பு அலமாரிக்குப் பின்னால் 50,000 வெள்ளி என்று எழுதிய பெரிய மாதிரிக் காசோலை அட்டை இன்றும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்த நாளில் எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். உணவும் சட்டையும் கொடுத்தோம். அந்தப் படம்தான் எங்கள் அறிக்கையின் முதல் பக்கம்.

பணம் கொடுப்பவர்கள் இன்னொரு வகையிலும் நம் உள்ளமைப்பைப் பலவீனப்படுத்துகிறார்கள். “நிர்வாகச் செலவு எவ்வளவு?” என்று கேட்டு, அது குறையக் குறையப் பாராட்டுவது அது. 2009இல் அமெரிக்காவில் இத்துறை ஆலோசகர்கள் இருவர் இதைப் பட்டினிச் சுழல் என்று அழைத்தார்கள். நிர்வாகத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதைப் பற்றிக் கொடையாளர் நடைமுறைக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பை வைத்திருக்கிறார்; அமைப்பு அந்தச் செலவைக் குறைத்துக் காட்டுகிறது; குறைத்துக் காட்டியதைப் பார்த்துக் கொடையாளரின் எதிர்பார்ப்பு இன்னும் இறுகுகிறது; கடைசியில் கணக்கு எழுதவும் ஆளில்லாமல் அமைப்பு இளைத்துப் போகிறது. எங்கள் சங்கத்தில் இது எப்படி நடந்தது என்பதை நான் நேரில் பார்த்தவன். பகுதிநேரக் குமாஸ்தா ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று 2016இல் பேச்சு வந்தது. சம்பளத்தோடு, 5,000 வெள்ளி வரையிலான ஊதியத்துக்கு முதலாளி பங்காக 13 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குக் கட்ட வேண்டும், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டதும் பேச்சு நின்றது. “அந்தக் காசில் இன்னும் இருபது பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வாங்கலாமே” என்றார் ஒரு செயலவை உறுப்பினர். கேட்க நன்றாக இருந்தது; எல்லோரும் தலையாட்டினோம், நானும் தலையாட்டினேன். குமாஸ்தா இருந்திருந்தால் மீஹூன் ரசீதையும் வருகைப் பதிவேட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருப்பார். 46 பிள்ளைகள் போனது முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

நோக்கம் தடம் மாறிய கதையும் எங்களிடம் உண்டு. 2017இல் கேக் செய்யும் பயிற்சிக்கு மானியம் கிடைக்கிறது என்றதும் விண்ணப்பித்து, ஓராண்டு நடத்தி, ஒரு மின்னடுப்பையும் சம்பாதித்துக்கொண்டு, இரண்டு நல்ல கணித ஆசிரியர்களை இழந்தோம். அவர்கள் எதிர்ப்பைச் சொல்லவும் கூட்டத்தில் இடம் இருக்கவில்லை. அமைதியாக விலகிப் போனார்கள், எங்கள் மாணவர்களைப் போலவே.

தலைமை மாறுவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சங்கங்களில் பெரும்பாலானவை தடுமாறும் இடம் அது. கோலாலம்பூரில் பூச்சோங் சாலையில் உள்ள சுத்த சமாஜம் என் மனத்துக்கு நெருக்கமானது. சுவாமி சத்தியானந்தா 1949இல் அதைத் தொடங்கினார். 1961இல் அவர் மறைந்தபோது, தொடக்கக் காலத்திலிருந்தே அவருடன் பணிபுரிந்த அன்னை மங்களம் பொறுப்பை ஏற்று, 2023இல் மறையும் வரை ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அந்த இல்லத்தைத் தாங்கினார். நிறுவனர் போனதும் கலைந்துவிட்ட எத்தனையோ இல்லங்களைப் பார்த்த எனக்கு, 12 ஆண்டுகளே ஆன ஓர் அமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாண்டியது வியப்பாகவே இருக்கிறது. அன்றாட வேலையை உள்ளிருந்தே அறிந்த ஒருவர் கைக்குப் பொறுப்பு போனதே அதற்கு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்திலும் இந்தக் குணத்தின் இன்னொரு வடிவத்தைக் காணலாம்: அங்கே படித்து முன்னேறியவர்கள் அங்கேயே கற்பிக்கத் திரும்பி வருகிறார்கள். பெஞ்சியில் உட்கார்ந்து கேட்டவனே பலகைக்கு முன் நிற்கும்போது, எந்த நேரத்தில் பிள்ளைக்குத் தூக்கம் வரும், எந்தக் கேலியில் மனம் ஒடியும் என்பதை அவனுக்கு யாரும் அறிக்கை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. பயனாளியின் அறிவு அமைப்புக்குள் நுழைய அதைவிட நேரான வழியை நான் பார்த்ததில்லை.

எங்கள் தலைவரிடம் 2018ஆம் ஆண்டு நடந்ததை முழுமையாகச் சொன்னது நான்தான். மூன்று மாதம் தயங்கினேன். அவர் வீட்டு வரவேற்பறையில் மீஹூன் ரசீதுகளையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது என் கை நடுங்கியது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இதை ஏன் தம்பி என்கிட்ட முன்னாடியே சொல்லலை?” என்று கேட்டார். “உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சோம் ஐயா” என்றேன். “பிள்ளைங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு யாரும் நினைக்கலையா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. அவருடைய மனத்தை நாங்கள் தவறாகவே எடைபோட்டு வைத்திருந்தோம். மறுஆண்டுப் பொதுக்கூட்டத்தில், மூன்று தவணைக்கு மேல் ஒருவர் தலைவராக இருக்கக் கூடாது என்ற சட்டவிதித் திருத்தத்தை அவரே முன்மொழிந்தார்.

பட்டர்வொர்த்திலிருந்து திரும்பியதும் நாங்களும் ஒரு 555 குறிப்பேடு வாங்கினோம். முதல் வேலையாகப் பதிவேட்டிலிருந்து பெயர்களை நீக்கினோம். 60 என்று அறிவித்த இடத்தில் 23 என்று அறிவித்தோம். நன்கொடையாளர் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். இன்னொருவர் நேரில் வந்து குறிப்பேட்டைப் படித்துவிட்டு, அதுவரை கொடுத்ததைவிட இரு மடங்கு கொடுத்தார். அதில் ஒரு பகுதியைக் குமாஸ்தா சம்பளத்துக்கென்றே எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் ஆறு மாதம் குறிப்பேடு ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லும் ஏடாக மாறும் ஆபத்து இருந்தது. ஓர் ஆசிரியர், தம் வகுப்பின் பெயர்கள் மட்டும் அதிகம் வாசிக்கப்படுகின்றன என்று மனம் வருந்தி வெளியேறப் பார்த்தார். குறிப்பேட்டில் பெயர் இருப்பது ஆசிரியரின் குறை ஆகாது, பெயர் இருந்தும் நாங்கள் யாரும் போய்ப் பார்க்காததுதான் குறை என்று செயலவையில் தீர்மானமாகவே எழுதி வைத்த பிறகு அந்த வருத்தம் தணிந்தது.

அந்தப் பழக்கத்தின் பயன் நாங்கள் நினையாத நேரத்தில் தெரிந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எங்களிடம் 31 பிள்ளைகள் இருந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யாரிடம் சொந்தக் கைப்பேசி இருக்கிறது, யார் அம்மாவின் கைப்பேசிக்காக இரவு 9 மணி வரை காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் வீடு வீடாகப் போனதில் ஏற்கெனவே எங்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் நாளே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இரவு வகுப்பு தொடங்கியது. கைப்பேசி இல்லாத ஆறு பேருக்கு அச்சிட்ட பயிற்சித் தாள்களைக் கீழே உணவுக்கடைக்காரர் பொட்டலங்களோடு சேர்த்து அனுப்பினார். அதே பகுதியில் எங்களைவிடப் பெரிய அமைப்பு ஒன்று, பிள்ளைகளின் தொடர்பு எண்களைத் தேடுவதிலேயே பல வாரங்களைக் கழித்தது. பணமும் ஆளும் அவர்களிடம் அதிகம். பிள்ளைகளைப் பற்றிய விவரம் எல்லாம் வேலையை விட்டுப் போன ஒரே ஓர் ஊழியரின் தலைக்குள் இருந்தது.

இப்போது எங்கள் மாதக் கூட்டம் குறிப்பேட்டோடு தொடங்குகிறது. புதிய தலைவர் எங்கள் வகுப்பின் பழைய மாணவி. கூட்டக் குறிப்பை நான் இன்னும் கையால்தான் எழுதுகிறேன், ஆனால் சென்ற மாதப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதில்லை. இந்த மாதம் நான்கு பெயர்கள். ஒருவன் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறான், அடுத்த மாதம் வருவான். ஒருத்தியின் குடும்பம் ரவாங்கிற்குக் குடிபெயர்ந்துவிட்டது. அங்குள்ள வகுப்பு ஒன்றில் சேர்த்துவிட்டோம். மூன்றாமவன் எங்கள் அறிவியல் பாடம் புரியவில்லை என்று நேராகவே சொல்லியிருக்கிறான். ஆசிரியர் அவனிடம் பேசியிருக்கிறார். நான்காவது பிள்ளையின் அம்மாவுடைய கைப்பேசி இரண்டு வாரமாக அணைந்தே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆசிரியையும் நானும் பத்து மூடா அடுக்குமாடிக்குப் போகிறோம். வீட்டு எண் சரியாகத் தெரியவில்லை. ஆறாவது மாடி, மின்தூக்கிக்கு எதிர் வரிசை, வாசலில் நீல நிறச் சைக்கிள் ஒன்று நிற்கும் என்று அவளுடைய தோழி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.